அம்மா கல்யாண போட்டோ பளிச்... சித்தி கல்யாண போட்டோ கட்டம் கட்டமாக! ஏன் இப்படி?

மதுரையில் காதுகுத்துக்கே முச்சந்தியில் பிளெக்ஸ் வைப்பார்கள். அறுபதாம் கல்யாணம் என்றால் கேட்கவே வேண்டாம். அப்பா, அம்மாவின் பழைய கல்யாண போட்டோவைத் தேடி பீரோவைக் குடைவார்கள். கூடவே சித்தி, சித்தப்பா, மாமா, அத்தை என எல்லோருடைய படமும் வரிசைகட்டும். அப்போதுதான் அந்த விசித்திரம் கண்ணில் படும். 1990-ல் பிலிமில் எடுத்த அம்மாவின் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கினாலும் முகம் முகமாகவே இருக்கிறது. 2004-ல் பெருமையாக ‘டிஜிட்டல்’ என்று சொல்லி எடுத்த சித்தியின் படமோ கட்டம் கட்டமாக உடைகிறது.

14 வருடம் புதிய கேமரா. படம் மட்டும் ஏன் பின்னால் போனது?

பிலிம் ரோலில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் இடம் 36 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் உயரம். தபால் தலை அளவுதான். ஆனால் அதற்குள் ஒளி பட்டால் மாறும் வெள்ளி உப்புத் துகள்கள் எக்கச்சக்கம். அந்த நெகட்டிவை இன்று அங்குலத்துக்கு 4,000 புள்ளி என்ற கணக்கில் ஸ்கேன் செய்தால் சுமார் 21 மெகாபிக்சல் படம் கைக்கு வரும். அத்தனையும் முகமும் நகையுமாக இருக்காது. ஒரு பகுதி பிலிமின் மணல் மணலான துகள்தான். ஆனாலும் படத்தைப் பெரிதாக்கும்போது அந்த மணல் கண்ணை உறுத்துவதில்லை. கட்டங்கள் உறுத்தும்.

டிஜிட்டல் கேமரா பிறந்தபோது இந்தக் கணக்கின் பக்கத்தில்கூட வர முடியவில்லை. 1975-ல் கோடாக் நிறுவனத்தின் இன்ஜினீயர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் கேமராவில் இருந்தது வெறும் 10,000 புள்ளிகள். ஒரு படம் கேசட்டில் பதிய 23 விநாடி. 1991-ல் அதே கோடாக், நிக்கான் கேமராவின் உடலை வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்த மாடலில் 1.3 மெகாபிக்சல். 1999-ல் பத்திரிகை போட்டோகிராபர்களைத் திரும்பிப் பார்க்கவைத்த நிக்கான் டி1 கேமராவில் 2.7. சாதாரண ஸ்டூடியோக்காரரும் எட்டிப் பிடிக்கலாம் என்ற விலையில் 2003-ல் வந்த கேனான் 300டி கேமராவில் 6.3.

இந்த 6.3 மெகாபிக்சலை நல்ல தரத்தில் பிரின்ட் போட்டால் சுமார் 10 அங்குலத்துக்கு 7 அங்குலம் வரும். வீட்டு ஆல்பத்துக்குத் தாராளம். வில்லங்கம், கூடவே வந்த கரிஷ்மா ஆல்பத்தில் இருந்தது. விரித்தால் 12க்கு 36 அங்குலம். ஒரே படத்தை அதில் முழுசாகப் பரப்ப, அதே தரத்துக்கு கிட்டத்தட்ட 39 மெகாபிக்சல் வேண்டும். இருந்ததோ 6. மீதியை கம்ப்யூட்டர் இழுத்து நிரப்பியது. பின்னணியில் சுவிஸ் மலையையும் ரோஜாப்பூவையும் ஒட்டியதால் அப்போது யாரும் கவனிக்கவில்லை!

வேட்டியின் மடிப்பு எங்கே?

கட்டம் உடைவது ஒரு பாதி. இன்னொரு பாதி வெயில்.

உச்சி வெயிலில் மாப்பிள்ளை அழைப்பு நடக்கும் ஊர் இது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதற்கு மேல் சூரியன். கலர் நெகட்டிவ் பிலிமில் ஒளி கொஞ்சம் கூடிப்போனால் அந்த இடம் இன்னும் அடர்த்தியாகும், அவ்வளவுதான். வேட்டியின் மடிப்பு அதற்குள் பத்திரமாக இருக்கும். லேபில் பிரின்ட் போடுபவர் சமாளித்து வெளியே எடுத்துவிடுவார். டிஜிட்டல் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடம் மாதிரி. நிரம்பி வழிந்த குடத்தில் எவ்வளவு ஊற்றினோம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அந்த இடம் வெறும் வெள்ளை. ஆரம்ப கால கேமராக்களில் இந்தக் குடம் சீக்கிரமே நிரம்பியது. சித்தப்பாவின் வேட்டி வெட்டி ஒட்டிய காகிதம் போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது பட்டுச் சேலை. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் பார்க்கும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்து கேமரா ஊகித்துக்கொள்ளும். நெருக்கமான ஜரிகைக் கட்டங்கள் வந்தால் சில கேமராக்களின் ஊகம் தப்பி, சேலையில் இல்லாத வானவில் கோடுகள் முளைக்கும். அரக்குச் சிவப்பு ஒரே அப்பலாகிவிடும். கரையும் உடலும் பிரியாது.

அதற்காக பிலிமைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டியதில்லை. ரோலுக்கு 36 படம். ஒவ்வொரு க்ளிக்கும் காசு. தாலி கட்டும் நேரத்தில் கண்ணை மூடியது யார் என்பது பிலிம் கழுவி வந்த பிறகுதான் தெரியும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அதிகாலை இருட்டில், பிளாஷ் எட்டும் தூரம் வரைதான் கூட்டம். அதற்குப் பின்னால் கறுப்பு. எடுத்த உடனே பார்த்துச் சரிசெய்யும் வசதியைக் கொடுத்தது டிஜிட்டல்தான். ஆனால் ஆரம்ப கால சின்ன டிஜிட்டல் கேமராவோடு அலங்காநல்லூர் போனவர்களுக்கு வேறு அனுபவம். பட்டனை அழுத்தியதும் கேமரா யோசித்து க்ளிக் செய்வதற்குள் காளை வாடிவாசலைத் தாண்டிப் போயிருக்கும். படத்தில் புழுதி மட்டும்!

1858 மதுரை இன்றும் தெரிகிறது

மதுரையை முதன்முதலில் விரிவாகப் படம் பிடித்தவர்களில் ஒருவர் லின்னேயஸ் ட்ரைப். மதராஸ் அரசின் போட்டோகிராபராக இருந்த ராணுவ கேப்டன். 1858-ல் மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், தெப்பக்குளம், இடிந்து கிடந்த திருமலை நாயக்கர் மகால் எல்லாவற்றையும் எடுத்தார். அவர் பயன்படுத்தியது பிலிம்கூட இல்லை, மெழுகு தடவிய காகித நெகட்டிவ். வெறுமையாக விழுந்த வானத்தில் மேகங்களை அவரே நெகட்டிவில் வரைந்து சேர்த்தார். (போட்டோஷாப் வேலை அப்போதே உண்டு!) அவரது படங்கள் இன்றும் லண்டன் அருங்காட்சியகத்தில் தூணும் சிற்பமுமாகத் தெளிவாக இருக்கின்றன. மகால் சீரமைக்கப்படுவதற்கு முன் எப்படி இருந்தது என்பதற்கு அவை கண்கண்ட சாட்சி.

1858 படத்தைப் பார்க்க கண் போதும். 2004 சிடியைப் பார்க்க முதலில் சிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டரைத் தேட வேண்டும். வீட்டில் எழுதும் சிடியில் தகவல் பதிவது ஒரு சாயப் படலத்தில். வெயில், சூடு, ஈரம் எல்லாம் அதற்கு எதிரி. மதுரை வெயிலில் டிவி ஸ்டாண்டு மேல் இருபது வருடம் கிடந்த சிடியின் கதியை ஊகித்துக்கொள்ளலாம். சிடி பிழைத்திருந்தாலும், இடம் போதாமல் போட்டோகிராபர் சுருக்கிப் போட்ட படங்களாக இருந்தால் அவ்வளவுதான். ஒரிஜினல் இருந்த ஹார்டு டிஸ்க் அடுத்த முகூர்த்த சீசனுக்காக அழிக்கப்பட்டிருக்கும்.

பிலிமும் சாகாவரம் பெற்றதில்லை. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், கலர் மங்கும். பிலிம் செய்தவர்களே பிழைக்கவில்லை. ‘இந்து’ பிலிம் தயாரித்த ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தை மூட 2014-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. கோடாக் 2012-லேயே திவால் நோட்டீஸ் கொடுத்தது. தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடித் திரட்டி டிஜிட்டலாக்கும் வேலையை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் செய்திருக்கிறது. நம் வீட்டு பீரோவுக்கு அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

சித்தி படத்தைக் காப்பாற்ற...

சிடி ஓடுகிறதா என்று இந்த வாரமே போட்டுப் பாருங்கள். லேப்டாப்பில் டிரைவ் இல்லாவிட்டால் யுஎஸ்பி-யில் செருகும் டிரைவ் தனியாகக் கிடைக்கிறது. படங்களை இரண்டு இடத்தில் காப்பி செய்யுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதை ஒரு காப்பியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது படத்தை மேலும் சுருக்கியிருக்கும். ஏஐ ஆப்பில் பெரிதாக்குபவர்கள் கவனம்: அது இல்லாத விவரத்தைக் கண்டுபிடிக்காது, கற்பனை செய்யும். சித்திக்கு வேறு யாருடைய மூக்கோ வந்து சேரலாம்.

சிடி போய்விட்டது என்றால், ஆல்பத்தில் உள்ள பிரின்ட்டை லேபில் கொடுத்து ஸ்கேன் செய்யலாம். நெகட்டிவ் இருந்தால் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து எடுங்கள். பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைக்காமல் ஈரமில்லாத இடத்தில் காகித உறையில் போடுங்கள். படம் எடுத்த போட்டோகிராபர் இன்னும் தொழிலில் இருந்தால், பரணில் பழைய ஹார்டு டிஸ்க் ஏதும் கிடக்கிறதா என்று அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.