எண்ணெய்த் தட்டும் தேய்ந்த மரையும்

அச்சாணி கழன்ற தேர் ஓடாது என்பது முன்னோர் வாக்கு. இக்கால ஊர்திகளுக்கோ அச்சாணிகள் பல. வண்டியின் அடிப்புறத்தில், கண்ணிற் படாத இடத்தில் இருக்கும் சிறு மரையாணி ஒன்று பழுதுற்றாலும் போதும். பெரும்பொருள் கொடுத்து வாங்கிய வண்டி நடுவீதியில் நின்றுவிடும்.

கண்டி வீதியில் அமைந்த சாவகச்சேரியில் இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒஸ்ரின், மொறிஸ் முதலிய ஆங்கிலேயக் கார்கள் நெடுங்காலம் வாடகைக்கு ஓடின. 1990களில் பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் அரிதாயின. மண்ணெண்ணெயில் வண்டியோட்டிய அக்காலத்தில் பழையதைச் செப்பனிடுதலன்றி வேறு வழியில்லை. போர் முடிந்த 2009க்குப் பின்னர் யப்பானிய வண்டிகள் பெருகின. அவற்றுட் பல தானியங்கிக் கியர்ப்பெட்டி உடையவை.

அப்பெட்டியின் அடியில் எண்ணெய்த் தட்டு ஒன்று பல ஆணிகளாற் பிணைக்கப்பட்டிருக்கும். அதிலுள்ள எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது, வெப்பத்தை அகற்றுகிறது, தன் அழுத்தத்தால் உள்ளிருக்கும் கிளச்சுத் தகடுகளையும் இறுக்கிப் பிடிக்கிறது. எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். தகடுகள் வழுக்கிச் சூடேறிக் கருகும். துளித்துளியாகச் சொட்டும் கசிவு ஓர் ஓட்டுநரின் பிழைப்பையே கெடுப்பது இவ்வாறுதான்.

கசிவைக் கண்டதும் ஆணிகளை மேலும் முறுக்குவது பலரும் செய்யும் பிழை. ஆணி உருக்கினாலானது; பெட்டியோ மெல்லிய அலுமினியம். ஆறு மில்லிமீற்றர் ஆணிக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீற்றர் முறுக்கே போதுமானது. 25 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் நான்கு கிலோ எடையைத் தொங்கவிட்டாற் போன்ற விசை அது. அதனை மீறினால் கஸ்கற் பிதுங்கும், தட்டின் விளிம்பு வளையும், கசிவு மிகும், முடிவில் மரையே உரிந்து வந்துவிடும்.

மற்றொரு காரணமும் உண்டு. 1841இல் ஜோசப் விற்வேர்த் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் மரைகளுக்குப் பொது அளவொன்றை வகுத்தார். ஆயினும் அங்குலம், மில்லிமீற்றர் என இருவேறு மரபுகள் பின்னரும் நிலைத்தன. கால் அங்குலம் 6.35 மில்லிமீற்றர் ஆகும். பழைய ஆங்கிலேயக் காரின் கால் அங்குல ஆணியை யப்பானிய வண்டியின் ஆறு மில்லிமீற்றர்த் துளையில் வலிந்து செலுத்தினால் மரை அழிவது உறுதி.

இனிச் செப்பனிடும் முறையைக் காண்போம். வண்டியை ஜாக்கில் மாத்திரம் நிறுத்தி அதன் கீழ்ப் படுத்தல் உயிராபத்து. உறுதியான தாங்கிகள் வேண்டும். எண்ணெய் ஆறியபின் அடிப்புறத்தைத் துடைத்து, கசிவு தட்டிலிருந்தே வருகிறதா, மேலிருந்து வழிகிறதா எனத் தெளிதல் வேண்டும். பின்னர்த் தட்டைக் கழற்றி, வளைந்த விளிம்பை மரக்கட்டையின்மேல் வைத்து மெல்லத் தட்டிச் சமன் செய்க.

மரை சிறிதளவே சிதைந்திருப்பின் மரைவெட்டும் கருவியால் அதனைத் திருத்தலாம். முற்றாக உரிந்திருப்பின், துளையை ஏறக்குறைய 6.3 மில்லிமீற்றர் அளவுக்குப் பெருப்பித்து, அதற்குரிய கருவியால் புதுமரை வெட்டி, உருக்குக் கம்பிச்சுருள் ஒன்றைச் செலுத்த வேண்டும். அச்சுருளின் உட்புறத்தில் பழைய அளவு ஆணியே பொருந்தும். பிடிப்போ முன்னையதினும் வலிது. துளைப்பான் ஆழமாகச் சென்று பெட்டியைப் பிளக்காதிருக்க அதில் ஓர் அடையாளம் இடுக. கருவியில் கிறீஸ் பூசினால் உலோகத்தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். உட்சென்ற தூள் வால்வுகளைக் கெடுக்கும்.

புதுக் கஸ்கற் இட்டு, எல்லா ஆணிகளையும் முதலிற் கையாற் பொருத்தி, பின்னர் எதிரெதிராக இரண்டு மூன்று சுற்றில் இறுக்குக. தயாரிப்பாளர் குறித்த எண்ணெயைக் குறித்த அளவே நிரப்புக. சிறிது தூரம் ஓட்டிவந்து மீண்டும் பார்த்தல் நன்று. பசை பூசி ஆணியை ஒட்டுவது சில நாள் ஏமாற்றே. அடுத்த முறை கழற்றுபவருக்கு அது இரட்டைத் தொல்லை.

அறிவு தடுமாறியவனை மரை கழன்றவன் என்பது நம்மூர் வழக்கு. இறுக்குதல் யாவர்க்கும் எளிது. எங்கே நிறுத்துவது என்பதை அறிந்த கையே தொழிலறிந்த கை.