மீட்டருக்குத் தெரியும், யாருக்குச் சொல்லும்?

முன்பெல்லாம் மாதம் ஒருமுறை மீட்டர் பார்க்க ஆள் வருவார். எண்ணைக் குறித்துக்கொண்டு, கையோடு பில்லையும் கொடுத்துவிட்டுப் போவார். நம் வீட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது மாதத்துக்கு ஒரே ஓர் எண். இப்போது தெனாகா நேஷனல் பொருத்திவரும் ஸ்மார்ட் மீட்டர் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மின்பயனீட்டைப் பதிவு செய்கிறது. ஒரு நாளைக்கு 48 எண்கள். மாதத்துக்கு ஏறக்குறைய 1,440.

ஜார்ஜ் டவுனில் எங்கள் வீட்டிலும் இந்த மீட்டர்தான். தினசரிப் பயனீட்டை மைடிஎன்பி செயலியில் பார்க்கலாம். தீபாவளிக்கு நான்கு நாள் தைப்பிங் போயிருந்தோம். வரைபடத்தில் வரிசையாக நான்கு குட்டைக் கோடுகள். மாமியார் வந்து தங்கிய வாரம், ஏர்கோன் கூடுதலாக ஓடியதால் கோடுகள் உயர்ந்து நின்றன. எங்களை அறியாத ஒருவர்கூட இதைப் பார்த்து, வீடு எப்போது பூட்டியிருந்தது என்று சொல்லிவிடலாம்.

ஸ்மார்ட் மீட்டரே வேண்டாம் என்பது என் வாதமல்ல. 2025 ஜூலை முதல், விருப்பப்பட்டால் நேரவாரிக் கட்டணத்துக்கு மாறலாம். வார நாள்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை உச்ச நேரம். மற்ற நேரத்தில் கட்டணம் குறைவு. துணி துவைப்பதை இரவு பத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு இது லாபம். நேரம் பார்த்து அளக்கும் மீட்டர் இல்லாமல் அது நடக்காது.

எவ்வளவு தெரியும்?

இந்தக் கவலை புதிதல்ல. அமெரிக்காவின் எம்ஐடியில் ஆய்வு செய்த ஜார்ஜ் ஹார்ட், மின்சாரம் ஏறி இறங்கும் விதத்தைக் கொண்டே எந்தச் சாதனம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் முறையை 1980களில் உருவாக்கினார். இதே முறை வீட்டை வேவு பார்க்கவும் உதவும் என்று 1989இல் அவரே எழுதினார்.

அரை மணிநேரக் கணக்கில் அந்த அளவு நுணுக்கம் கிடையாது. ஓடியது மிக்சியா, ரைஸ் குக்கரா என்று அதிலிருந்து பிரிப்பது கடினம். ஆனால் எப்போது எழுகிறோம், எந்நேரம் வீட்டில் ஆளில்லை, யார் இரவு வேலைக்குப் போகிறார் என்பதை ஊகிக்க அது போதும்.

நெதர்லாந்தில் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டத்தை 2009இல் மேலவை ஏற்க மறுத்தது. அந்தரங்கம் பற்றிய அச்சமே முக்கியக் காரணம். அமெரிக்காவின் நேப்பர்வில் நகரத்து வழக்கில், 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கப்படும் மின்தரவு வீட்டைச் சோதனையிடுவதற்குச் சமம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் கூறியது. ஆனால் குற்றம் தேடுவது நோக்கமல்ல என்பதால் அது நியாயமான சோதனையே என்றும் தீர்ப்பளித்தது. ஆக, தரவை எடுப்பதைவிட அது எதற்குப் பயன்படுகிறது என்பதே பெரிய கேள்வி.

நம் சட்டம் தரும் உரிமை

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. வணிக நிறுவனம் நம்மைப் பற்றி வைத்திருக்கும் தரவின் நகலை நாம் எழுதிக் கேட்கலாம்; 21 நாளுக்குள் பதில் வரவேண்டும். நம் தரவை வைத்து விளம்பரம் அனுப்புவதை நிறுத்தச் சொல்லவும் முடியும். 2025 ஜூன் முதல், தரவு கசிந்தால் நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். பெரிய பாதிப்பு வரக்கூடும் என்றால் நமக்கும் சொல்லியாக வேண்டும்.

ஓட்டைகளும் உண்டு. மத்திய, மாநில அரசுகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. தனிப்பட்ட, குடும்ப விவகாரங்களுக்காக ஒருவர் வைத்திருக்கும் தரவும் இதில் அடங்காது.

கசிவது நம் கையாலேயே

நடைமுறையில் இந்தத் தரவு அதிகம் வெளியே போவது நம் மூலமாகத்தான். "பில் ஏன் இவ்வளவு ஏறிவிட்டது?" என்று வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிறோம். அதில் பெயர், முகவரி, கணக்கு எண், பயனீடு எல்லாமே இருக்கும். கூரையில் சோலார் பொருத்த விலை கேட்டால், முகவர் சில மாத பில்களைக் கேட்பார். விலை சொல்ல அவருக்குத் தேவை மாத யூனிட் கணக்கு. ஒப்பந்தம் முடிவாகும்வரை பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துக் கொடுக்கலாம். நான் அப்படித்தான் கொடுத்தேன், யாரும் மறுக்கவில்லை.

பாயான் லெப்பாசில் வேலை பார்த்து, வாடகை வீட்டில் இருக்கும் இளையோருக்கு இன்னொன்று. மின்கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருந்தால், நீங்கள் ஊரில் இல்லாத நாள்களை அவர் செயலியிலேயே பார்க்கலாம். முழு வீட்டையும் வாடகைக்கு எடுக்கும்போது, கணக்கை உங்கள் பெயருக்கு மாற்ற முடியுமா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். யார் யார் கைப்பேசியில் உங்கள் கணக்கு சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். பழைய வாடகைக்காரரோ, வீடு மாறிப்போன உறவினரோ அதில் இருக்கலாம்.

பயனீட்டாளர் சங்கத்துக்குப் பெயர்போன ஊர் பினாங்கு. கேள்வி கேட்பது நமக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டின் அரை மணிக் கணக்கை எத்தனை காலம் வைத்திருப்பீர்கள், யாருக்குக் கொடுப்பீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். கடிதத்தின் நகலை பில்லோடு பத்திரமாக வையுங்கள். தரவின் நகலையும் கேட்டிருந்தால், கடிதம் நிறுவனத்துக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் 21 நாள் கணக்கு தொடங்கும்.