சும்மா பார்த்துக்கிறேன் என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்

உத்திரமேரூர் சார்பதிவாளர் அலுவலகம் இருக்கும் பக்கம் எனக்கு ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அடிக்கடி பேப்பரைக் கடிக்கும் ஒரு பிரிண்டர். ஆவணம் எழுதுவது தொழில். கிரயம், தானம், பாகப்பிரிவினை என்று வருஷம் முழுக்க ஓடினாலும், பொங்கல் லீவிலும் மே மாதத்திலும் வேறொரு கூட்டம் வரும். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், துபாய் என்று பிழைக்கப் போன பிள்ளைகள். அப்பா அம்மா காலமானபின் பூட்டிக் கிடக்கும் வீடோ, லோன் போட்டுக் கட்டிய மாடிப் போர்ஷனோ கையில் இருக்கும். "அக்கா, வாடகைக்கு விட்டுட்டுக் கிளம்பணும். யார்கிட்ட ஒப்படைக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்பார்கள்.

ஒப்பந்தத்தை எழுதிக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. ஆனாலும் இந்தக் கேள்விக்கு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. தப்பான ஆளிடம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் வக்கீலைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருவதும் இதே மேசைக்குத்தான்.

முன்பெல்லாம் இந்த ஊரில் வாடகை என்பது பெரிய பேச்சே இல்லை. வாத்தியார், பேங்க் ஊழியர், தாலுகா ஆபீஸ்காரர் குடியிருந்தால் உண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமும், அந்தப் பக்கம் செய்யாறு சிப்காட்டிலும் தொழிற்சாலைகள் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு என்றால் ஆள் கிடைக்கிறது. குடும்பமாக வருகிறவர்களும் உண்டு. ஒரு கான்ட்ராக்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்களைப் பாய்க்குப் பாய் ஒட்டிப் படுக்க வைப்பதும் உண்டு. செப்டிக் டேங்க் பொங்கி வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்யும்போதுதான் சிங்கப்பூரில் இருப்பவருக்குத் தன் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே தெரியவரும்.

வீட்டை யாரிடம் விடுகிறார்கள்? பெரும்பாலும் உறவுக்காரரிடம். "சித்தப்பா இருக்கார், சும்மாவே பாத்துக்கிறேன்னு சொல்லிட்டார்" என்று சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். எனக்கு அந்த 'சும்மா'தான் உறுத்தும். சம்பளம் கொடுக்காத ஆளிடம் ரசீது கேட்க முடியாது. மோட்டார் ரிப்பேர் மூவாயிரம் என்று அவர் சொன்னால் மூவாயிரம்தான். "என்னையே கணக்குக் கேக்கறியா?" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது. சித்தப்பா நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கும் எழுபது வயதாகிறது, மாடி ஏற முடியவில்லை, வாடகை பாக்கி கேட்கக் கூச்சம். சொந்தக்காரர் சும்மா பார்த்துக்கொண்ட வீடுகளில் தண்ணீர்த் தொட்டி வருஷக்கணக்கில் கழுவப்படாமல் கிடப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அடுத்த தேர்வு, ஆள் பிடித்துத் தந்த புரோக்கர். இங்கே ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். புரோக்கருக்குக் காசு எப்போது கிடைக்கிறது? புது ஆள் குடிவரும்போது. ஒரே குடும்பம் ஆறு வருஷம் அமைதியாகக் குடியிருந்தால் உங்களுக்கு லாபம். அவருக்கு அந்த ஆறு வருஷமும் வரவு இல்லை. வருஷத்துக்கு ஒருவர் காலி செய்தால் அவருக்கு வருஷத்துக்கு ஒரு மாத வாடகை கமிஷன். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவருடைய வருமானம் ஒரு பக்கமும் உங்கள் வீட்டின் நலன் இன்னொரு பக்கமும் இழுக்கிறது. ஆள் பிடிக்க அவரிடம் போங்கள், கமிஷனைக் கொடுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் பார்த்ததில் பெரிய வில்லங்கம் போக்கியத்தில்தான் வரும். ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உரிமையாளர் வளைகுடா நாட்டில் வேலையில் இருந்தார். பார்த்துக்கொண்டவர் மாதம் ஏழாயிரம் வாடகை என்று சொல்லி, தேதி தவறாமல் அவர் கணக்கில் போட்டுவந்தார். உரிமையாளருக்கு ஒரே சந்தோஷம். உண்மையில் குடியிருந்த குடும்பம் வாடகையே கொடுக்கவில்லை. மூன்றரை லட்சத்தை மொத்தமாகப் போக்கியப் பணமாகக் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது அப்படியே திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இருந்தார்கள். மூன்றரை லட்சத்தை ஏழாயிரத்தால் வகுத்துப் பாருங்கள், ஐம்பது மாதம் வருகிறது. குடியிருப்பவர் கொடுத்த போக்கியப் பணத்திலிருந்தே உரிமையாளருக்கு 'வாடகை' போய்க்கொண்டிருந்தது. மீதியை அந்த மனிதர் வேறு எதிலோ விட்டுவிட்டார். ஒருநாள் வாடகையும் நின்றது, போனும் நின்றது. குடியிருந்த அம்மா கையில் பத்திரத்தை வைத்துக்கொண்டு, "எங்க பணத்தைக் குடுங்க, நாளைக்கே காலி பண்றோம்" என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு? ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, உரிமையாளர் பாதிப் பணத்தைத் தன் கையிலிருந்து கொடுத்தபிறகுதான் சாவி திரும்பியது.

ஏமாற்றியவர் அவர்களுக்கு அந்நியர் இல்லை. இருபது வருஷப் பழக்கம்.

அடுத்தவர் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைக் கல்லிலேயே வெட்டி வைத்த ஊர் இது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919ஆம் ஆண்டு, மற்றது 921. குடவோலைக் கல்வெட்டு என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். முப்பது குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போடுவது, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது, இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். சுற்றுலா வருகிறவர்களும் குடத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதில் வரும் தகுதிகளின் பட்டியல்தான். இரண்டாம் கல்வெட்டின்படி முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடும் வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில், அதாவது ஊர் வேலையைப் பார்க்கும் குழுவில், இருந்தவராக இருக்கக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரை எழுதவே கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்கள் பெயரையும் கூடாது. யார் யார் அந்த உறவினர்கள் என்று அத்தை மகன், மாமன், மாமனார், மைத்துனன் வரை கல்வெட்டு வரிசையாக அடுக்குகிறது. பத்திரம் எழுதுகிற எனக்கே இத்தனை தெளிவாக ஒரு ஷரத்து எழுத வருமா என்று தோன்றும்.

கணக்கு எழுதுகிறவருக்கும் தனி விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே வந்து பெரியவர்கள் முன் காட்டி, சுத்தம் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகுதான் மறுபடி அந்தப் பொறுப்புக்கு வரலாம். அவருக்குப் பதில் இன்னொருவர் வந்து கணக்கை முடிப்பது செல்லாது. "மாமா திருப்பதி போயிருக்கார், நான் அவர் மருமகன், கணக்கு என்கிட்ட கேளுங்க" என்று என் மேசை எதிரே வந்து உட்கார்ந்தவர்களை நினைத்துக்கொள்வேன்.

இதெல்லாம் வேதம் படித்த பிராமணர் சபைக்கு எழுதிய விதிகள். நிலமில்லாதவருக்கு அங்கே இடமில்லை. என்னைப் போன்ற பெண்பிள்ளையின் பெயர் ஓலைக்கு வந்திருக்கவே முடியாது. ஆகவே அதைத் தலையில் தூக்கிவைத்து ஆட எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இன்றைக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறவர்கள் பழக்கம், சொந்தம், ஜாதி, நல்ல பேச்சு என்று எல்லாம் பார்த்துவிட்டு, கணக்குக் காட்டுகிற ஆளா என்பதை மட்டும் பார்ப்பதில்லை.

கணக்குக் காட்டுகிற ஆள் எப்படி இருப்பார் என்றால், எனக்குத் தெரிந்த ஒரு எலக்ட்ரீஷியனைக் காட்டுவேன். நான்கைந்து வீடுகளைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு பக்கத்தைப் பார்த்தேன்: 'மோட்டார் கண்டென்சர் 180, கூலி 200, பழசு என்னிடம் இருக்கு.' அந்தப் 'பழசு என்னிடம் இருக்கு' என்பதைத்தான் நான் மூன்று தடவை படித்தேன். மாற்றிய உதிரியைப் பையில் போட்டு, வீட்டுக்காரர் ஊருக்கு வந்தால் காட்டுவாராம். கரண்ட் ரீடிங் எடுக்க வரும்போது மீட்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறார். பேரூராட்சிச் சொத்து வரி ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் வரியில் 5 சதவீதம் ஊக்கத்தொகையாகக் குறையும் என்பது அவருக்குத் தெரியும், அதற்குள் கட்டி ரசீதை அனுப்புகிறார். மாதாமாதம் சம்பளம் வாங்கிக்கொள்கிறார், அதை நோட்டில் முதல் வரியாக எழுதுகிறார். வாடகை அவர் கைக்கே வருவதில்லை. குடியிருப்பவர் நேராக உரிமையாளர் வங்கிக் கணக்கில் போட்டுவிடுகிறார். இந்த ஏற்பாட்டை அவரேதான் கேட்டு வாங்கினார். "பணம் என் கையில வேணாங்க, வேலை மட்டும் சொல்லுங்க" என்றாராம்.

இப்படிக் கைத்தொழில் தெரிந்த, ஊரிலேயே சொந்த வீடு உள்ள, நாற்பது ஐம்பது வயதுக்காரர்தான் என் முதல் சிபாரிசு. சென்னையில் இதையே கம்பெனியாக நடத்துகிறார்கள். வாடகையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு ஆள் தேடுவதிலிருந்து பெயின்ட் அடிப்பது வரை செய்கிறார்கள். ஏழாயிரம் எட்டாயிரம் வாடகைக்காக அவர்கள் உத்திரமேரூர் வரை வரமாட்டார்கள். வாடகையில் பத்தில் ஒரு பங்கை இங்கே உள்ளவருக்குச் சம்பளமாகக் கொடுங்கள் என்று நான் சொல்வதுண்டு. "அவ்வளவா?" என்பார்கள். மூன்றரை லட்சக் கதையைச் சொன்னால் அடங்கிவிடுவார்கள்.

எழுத்துக்கு வருவோம். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. சொத்து மேலாளர் என்று ஒருவரை வைத்தால் அவர் யார், எதற்கெல்லாம் அவருக்கு அதிகாரம், எவ்வளவு காலத்துக்கு என்பதைக் குடியிருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். ரசீது கொடுத்து வாடகை வாங்குவது, அவசிய ரிப்பேர் பார்ப்பது, அவ்வப்போது வீட்டைப் பார்வையிடுவது, நோட்டீஸ் கொடுப்பது எல்லாம் அவர் கடமை. 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்லாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது. இது நகர்ப்பகுதிகளை நினைத்து வந்த சட்டம்தான். கிராமத்து வீடாக இருந்தாலும் இதே ஒழுங்கை ஒப்பந்தத்தில் எழுதி வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை.

பவர் கொடுக்கும்போதுதான் கை நடுங்க வேண்டும். "பொதுவா ஒரு பவர் எழுதிடுங்கக்கா" என்பார்கள். பொதுவாக எழுதினால் விற்கவும் அடமானம் வைக்கவும் அதிலேயே அதிகாரம் போய்ச் சேர்ந்துவிடலாம். வீட்டைப் பார்த்துக்கொள்ள மட்டும் என்றால் அதை மட்டும் எழுதுங்கள்: கரண்ட், வரி, ரிப்பேர், நோட்டீஸ். விற்கவோ, அடமானம் வைக்கவோ, போக்கியத்துக்கு விடவோ, அட்வான்ஸ் வாங்கவோ அதிகாரம் இல்லை என்று ஒரு வரி தனியாகப் போடச் சொல்லுங்கள். வெளிநாட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற பவருக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பீரோவில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து எடுத்துவருகிறவர்களை நான் என்ன செய்வது? வெளிநாடுவாழ் உரிமையாளருக்குக் கொடுக்கும் வாடகையில் குடியிருப்பவர் வருமான வரி பிடிக்க வேண்டும் என்பது ஒன்று, அதற்கு உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

ஆளை முடிவு செய்யுமுன் அவர் ஏற்கெனவே பார்த்துக்கொள்ளும் ஒரு வீட்டுக்குப் போய், அங்கே குடியிருப்பவரிடம் இரண்டு நிமிஷம் பேசுங்கள். மோட்டார் ஓடவில்லை என்று போன் செய்தால் எப்போது வருகிறார் என்று கேட்டால் போதும். ஆளை வைத்தபிறகும் சாவியைக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது, பார்த்துக்கொள்பவர் இல்லாத நேரமாக உங்கள் வீட்டுக்குப் போய், குடியிருப்பவரிடம் நேராகவே கேளுங்கள்: "அட்வான்ஸ் எவ்வளவு குடுத்தீங்க, யார் கையில குடுத்தீங்க?"