நான்கு மணி நேரக் கணக்கும் விடியற்காலை நித்திரையும்

வுப்பர்டாலின் தொங்கு தொடருந்தில் வேலைக்குப் போய்வரும் நாம், ஒரே மாதத்தில் மூன்று தடவை இறங்குமிடத்தைத் தவறவிட்டு, வோவிங்கல் கடைசித் தரிப்பில் கண் விழித்தோம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, களைப்புத்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். மனைவி அப்படி நினைக்கவில்லை. "குறட்டை திடீரெண்டு நிக்குது. பிறகு தண்ணிக்குள்ள இருந்து வாற மாதிரி மூச்சிழுக்கிறியள்" என்றார்.

குடும்ப வைத்தியர் ஒரு சிறிய கருவியை இரவில் கட்டிக்கொண்டு படுக்கத் தந்தார். பின்னர் நித்திரை ஆய்வுகூடத்தில் ஓரிரவு. மணிக்கு 34 தடவை மூச்சு தடைப்பட்டிருந்தது. மணிக்கு 5 தொடக்கம் 14 வரை என்றால் இலேசானது, 15இலிருந்து நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமையானது.

நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர, மூச்சுப்பாதை ஒடுங்கி அடைபடுகிறது. குருதியில் ஒட்சிசன் குறைகிறது. மூளை எம்மை ஒரு கணம் எழுப்புகிறது. காலையில் அது எமக்கு நினைவிருப்பதில்லை. இதற்கு யேர்மனியில் பெரும்பாலும் தருவது சீபாப் இயந்திரம். 1981இல் அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன் இம்முறையை அறிமுகப்படுத்தினார். எம்மவரில் பலர் நினைப்பதுபோல இது ஒட்சிசன் கொடுக்கும் இயந்திரம் அல்ல. அறையின் காற்றையே அழுத்தத்துடன் அனுப்பி, தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கிறது. கழற்றினால் தடை திரும்பி வரும்.

பிழை விட்டது இங்கேதான். இரவுக்கு நான்கு மணி நேரம், பத்தில் ஏழு இரவுகள் அணிந்தால் 'ஒழுங்காகப் பாவிப்பவர்' என்று கணக்கிடும் வழக்கம் உண்டு. கணக்காளர் அல்லவா, அந்த நான்கைப் பிடித்துக்கொண்டோம். பதினொரு மணிக்கு மாட்டி, மூன்று மணிக்குக் கழற்றிவிட்டு, கடமை முடிந்தது என்று படுத்தோம். பகல் தூக்கம் குறையவில்லை.

வைத்தியர் விளக்கிய பிறகே புரிந்தது. கனவு காணும் நித்திரை விடியற்காலைப் பகுதியிலேயே அதிகம். அப்போது தசைகள் மேலும் தளர்வதால், பலருக்கு மூச்சுத்தடையும் அந்த வேளையில்தான் மோசமாகிறது. நாம் கழற்றிவைத்தது மிகவும் தேவைப்பட்ட மணித்தியாலங்களில்! நான்கு என்பது ஆய்வாளரும் காப்புறுதிக்காரரும் அளவிடப் போட்ட கோடு. நித்திரை முழுவதும் அணிவதே சிகிச்சை.

2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், இதயநோயோ மூளைக் குருதிக்குழாய் நோயோ உள்ள 2,717 பேர் பங்குபற்றினர். இயந்திரம் பெற்றவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே அணிந்தார்கள். அவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாகக் காணப்படவில்லை. பாவனை போதாமை ஒரு காரணமாக இருக்கலாம் என்றே பலர் கருதினர்.

அணிய முடியாதபோது இயந்திரத்தை அலுமாரிக்குள் வைக்காமல், காரணத்தைத் தேடுங்கள். தொண்டை வறண்டால் ஈரப்பதமூட்டி உண்டு. மீசையால் காற்று கசிந்தால் வேறு வடிவ முகமூடி கேளுங்கள். முதலில் பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது மாட்டிப் பழகலாம். இரவு வேலைக்காரர் பகல் நித்திரையிலும் அணிய வேண்டும். இயந்திரம் எல்லாவற்றையும் பதிவு செய்கிறது. அணிந்த நேரம், எஞ்சிய தடைகள், காற்றுக் கசிவு ஆகிய மூன்று எண்களையும் வைத்தியரிடம் கேளுங்கள்.

வாகனம் ஓட்டிப் பிழைப்பவர்கள் இதை மறைக்கவே கூடாது. பகல் தூக்கத்துடன் கூடிய நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடைக்குச் சிகிச்சை பெறாதவர், யேர்மனியச் சட்டப்படி வாகனம் ஓட்டத் தகுதியற்றவர். சிகிச்சையை ஒழுங்காகச் செய்பவருக்கு அந்த வழி மூடப்படவில்லை.

போன தடவை ஊருக்குப் போனபோது, சொந்தக்காரர் முன்னால் முகமூடியுடன் படுக்க வெட்கப்பட்டு இயந்திரத்தை வீட்டிலேயே விட்டுப் போனோம். மூன்று கிழமையும் பகலெல்லாம் கதிரையில் தூங்கி வழிந்தோம். வயதான அம்மாவோடு ஒழுங்காக இருந்து கதைக்கக்கூட முடியவில்லை. இம்முறை அது கைப்பயணப் பையில் வருகிறது.