பக்கவாதத்திற்குப் பின் கைக்கு ஒரு கூடை

பக்கவாதத்திலிருந்து மீண்டு வீடு திரும்புவோர் எங்களிடம் முதலில் கேட்பது, "கை பழையபடி வருமா?" என்பதே. அனைவருக்கும் முழுமையாக மீளும் என்று உறுதி கூற இயலாது. ஆயினும், பாதிக்கப்படாத மூளைப் பகுதிகள் பயிற்சியால் புதிதாகக் கற்கும் ஆற்றலுடையவை. பயனுள்ள ஒரு செயலைப் படிப்படியாகக் கடினமாக்கிப் பலமுறை செய்வதே அப்பயிற்சி.

தேவாரம் வட்டாரத்து இல்லங்களுக்கு நன்கு அறிமுகமான வயர்க்கூடை அதற்கு ஏற்றது. ஒரு கை வளையத்தைப் பற்றியிருக்க, மறு கை நுனியைச் செலுத்தி இழுத்தால்தான் முடிச்சு விழும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இந்தப் பிடியே சட்டைப் பொத்தானுக்கும் மாத்திரை எடுப்பதற்கும் தேவை.

முதலில் அடிப்பாகம். இது மேசைமீது தட்டையாகவே வளரும். தளர்ந்த கை அழுத்திப் பிடித்திருந்தால் போதும். பின்னர் ஓடும் வயரை அடியைச் சுற்றிக் கொண்டுவரும்போது சுவர் எழும்பத் தொடங்கும். இப்போது கூடையைத் தூக்கிப் பிடிக்கவும், மணிக்கட்டைத் திருப்பவும், மூலையைக் கண்ணால் அளக்கவும் வேண்டும். பலர் சோர்வது இங்கேதான். கை மிகுதியாகக் கற்பதும் இங்கேதான். சாதா முடிச்சே போதும். சிவன் கண்ணும் நெல்லிக்காயும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சிற்பி மிருணாளினி முகர்ஜி (1949–2015) தறியின்றி, நார்க்கயிற்றைக் கையால் முடிச்சிட்டே ஆளுயர உருவங்களை எழுப்பினார். பெரிய வடிவமும் ஒற்றை முடிச்சில்தான் தொடங்குகிறது.

கவனிக்க வேண்டியவை:

• விரல்களால் ஓரளவேனும் பற்ற முடிந்தபின், மருத்துவர் அல்லது இயன்முறை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குக.

• முழங்கையை மேசைமீது தாங்கி, பத்து அல்லது பதினைந்து நிமிடங்கள் மட்டும் செய்க. தோள் வலித்தால் நிறுத்துக.

• இறுகிய விரல்களை வலிந்து பிரிக்காதீர்.

• சர்க்கரை நோயாலோ பக்கவாதத்தாலோ உணர்ச்சி குறைந்த விரல்களில் வயர் கீறினாலும் தெரியாது. ஒவ்வொரு முறையும் முடித்தபின் விரல்களைப் பார்வையிடுக.

• வயரை வெட்டும் வேலையை வீட்டார் செய்க.

பராமரிப்போருக்கு ஒரு வேண்டுகோள்: முடிச்சு கோணலாக விழுந்தால் அவிழ்த்துத் திருத்திவிடாதீர். நீங்கள் இழுத்து முடிப்பது கூடைக்கு உதவும். நோயாளியின் கைக்கு உதவாது. அருகில் அமர்ந்து காத்திருங்கள். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, முடியாத கூடையாயினும் எடுத்து வாருங்கள். எந்த விரல் உழைக்கிறது, எது தயங்குகிறது என்பதை அதன் முடிச்சுகளைக் கொண்டு நாங்கள் சேர்ந்து பார்ப்போம்.