நடுவில் இருப்பவருக்கு எத்தனை நட்சத்திரம்?

அமெரிக்காவில் தொலைபேசியில் 711 என்று அழுத்தினால் ரிலே சேவை கிடைக்கும். காது கேளாதவர் தன் தட்டச்சுத் தொலைபேசியில் எழுதுவதை நடுவில் இருக்கும் ஆபரேட்டர் மறுமுனைக்கு வாய்விட்டுப் படிப்பார். மறுமுனை சொல்வதைத் தட்டச்சு செய்து இவருக்கு அனுப்புவார். ‘இனி உங்கள் முறை’ என்பதற்கு ‘ஜி.ஏ.’ என்றும், பேச்சை முடிக்க ‘எஸ்.கே.’ என்றும் எழுதுவது இதன் பழைய வழக்கம். சைகை மொழியில் பேசுபவர்களுக்கு இதே வேலையை வீடியோ திரையில் தோன்றும் மொழிபெயர்ப்பாளர் செய்கிறார். கார் ஓட்டுபவருக்கும் சாப்பாடு கொண்டுவருபவருக்கும் நட்சத்திரம் போடுகிறோம். ரிலே ஆபரேட்டருக்கும் வாடிக்கையாளர்கள் பகிரங்கமாக மதிப்பெண் போட்டால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்புதான். சேவையை மதிப்பிட்டே ஆக வேண்டும், ஊரறிய மதிப்பிட வேண்டும். ஆனால் தனி ஆபரேட்டர் மீது நட்சத்திரம் ஒட்டினால் அது காது கேளாதவருக்கே கெடுதலாக முடியும் என்று நினைக்கிறேன்.

ஏன் என்று புரிய, இந்த வேலையின் இலக்கணத்தைப் பார்க்க வேண்டும். காது கேளாதவரான இயற்பியலாளர் ராபர்ட் வைட்பிரெக்ட் 1964இல் உருவாக்கிய கருவியால்தான் டெலிடைப் இயந்திரங்கள் சாதாரணத் தொலைபேசி வழியே பேசிக்கொள்ள முடிந்தது. ஆனால் இரு முனையிலும் இயந்திரம் இருக்க வேண்டும். மருந்துக்கடையில் அது ஏது? அந்த இடைவெளியை அடைக்க வந்தவரே ஆபரேட்டர். 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1993 ஜூலைக்குள் நாடு முழுவதும் ரிலே சேவை வேண்டும் என்றது. காது கேட்பவரின் தொலைபேசிக்கு நிகராக அது இயங்க வேண்டும் என்றும் சொன்னது. அதன்படி மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் விதிகள் வகுத்தது. நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்கள் தட்டச்சு செய்ய வேண்டும். நாளின் அழைப்புகளில் 85 விழுக்காட்டை 10 விநாடிக்குள் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு விதிகள்: கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும், வேண்டுமென்றே எதையும் மாற்றக் கூடாது; பேசியதை யாரிடமும் வெளியிடக் கூடாது, அழைப்பு முடிந்தபின் பதிவாகவும் வைத்துக்கொள்ளக் கூடாது.

இந்த இரண்டு விதிகளோடுதான் நட்சத்திரம் மோதுகிறது. ஓர் அழைப்பை நினைத்துப் பாருங்கள். காது கேளாத ஒரு பெண் தன் மாத்திரை வந்துவிட்டதா என்று மருந்துக்கடையைக் கேட்கிறார். கடைக்காரர் “ஒரு நிமிடம்” என்று சொல்லிவிட்டு, ரிசீவரை மூடாமலே பக்கத்தில் இருப்பவரிடம் “மறுபடியும் அந்தம்மாதான், உயிரை வாங்குது” என்கிறார். காது கேட்கும் வாடிக்கையாளர் என்றால் அது அப்படியே காதில் விழுந்திருக்கும். ஆகவே ஆபரேட்டர் அதையும் தட்டச்சு செய்தாக வேண்டும். குரலில் சலிப்பு தெரிந்தால் அடைப்புக்குறிக்குள் அதையும் குறிப்பார். அந்தப் பெண்ணின் திரையில் ஓர் அவமானம் எழுத்தெழுத்தாக விரிகிறது. அந்த மனநிலையில் அழைப்பு முடிந்ததும் ‘இந்த ஆபரேட்டருக்கு எத்தனை நட்சத்திரம்?’ என்று திரை கேட்டால் என்ன விழும்? அந்த ஒரு வரியை மட்டும் விழுங்கிவிட்டு ‘கொஞ்சம் காத்திருக்கச் சொல்கிறார்’ என்று எழுதிய இன்னொரு ஆபரேட்டருக்கு என்ன விழும்? முதலாமவர் கடமையைச் செய்தார், இரண்டாமவர் அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டியதை மறைத்தார். நட்சத்திரமோ தலைகீழாக விழும். பிழைப்பு அந்த எண்ணிக்கையில் தொங்கினால், நாளடைவில் எல்லா ஆபரேட்டர்களும் இரண்டாமவராகிவிடுவார்கள்.

காரின் குலுக்கலைப் பயணி தானே உணர்கிறார், தோசை ஆறிப்போனதை நாக்கு சொல்லிவிடுகிறது. ரிலேயில் வேலை சரியாக நடந்ததா என்று தெரிய இரு முனையும் தெரிய வேண்டும். காது கேளாதவருக்கு எழுத்து மட்டும், மறுமுனைக்குக் குரல் மட்டும். விடுபட்டது எது என்று விடுபட்டவருக்கே தெரியாது. ஆக, மதிப்பெண்ணில் ஏறுவது வேகமும் இன்முகமும் அன்றைய அழைப்பின் பலனும்தான். விளம்பர அழைப்பு என்று நினைத்து மறுமுனை போனை வைத்துவிட்டால்கூட அந்தக் கோபம் ஆபரேட்டர் கணக்கில் ஏறும். அவரோ பதில் சொல்ல முடியாதவர். ‘நான் மாற்றவில்லை, கடைக்காரர்தான் அப்படிச் சொன்னார்’ என்று பகிரங்கமாக விளக்கினால் ரகசிய விதியை மீறியவராவார். வாயைக் கட்டிவிட்டு வழக்காடு மன்றத்தில் நிறுத்துவது நியாயமில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காது கேளாதோர் காலங்காலமாகக் கிடைத்ததற்கு நன்றி சொல்லவே பழக்கப்பட்டிருக்கிறார்கள். தன் நோயையும் கடனையும் குடும்பச் சண்டையையும் முன்பின் தெரியாதவர் வழியாகப் பேச வேண்டியவருக்கு, அவரைப் பற்றிச் சொல்லவும் உரிமை இல்லையா? சைகையைப் புரிந்துகொள்ளத் தடுமாறும் மொழிபெயர்ப்பாளரால் மருத்துவரின் முன் ஒருவர் முட்டாளாகத் தெரிவது நிஜமான காயம். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அந்தக் காயத்துக்கு மருந்து அதிகாரம். நட்சத்திரம் அந்த அதிகாரத்தைத் தருவதில்லை. அழைப்பு பொதுவாக அப்போது ஓய்வாக இருக்கும் ஆபரேட்டருக்குத்தான் போகிறது; நல்ல மதிப்பெண் உள்ளவரைத் தேர்ந்தெடுக்க வழியில்லாதபோது பட்டியலைப் பார்த்து என்ன பயன்? ஆபரேட்டர்கள் எண்ணால்தானே அறியப்படுகிறார்கள், பெயர் கெடாதே என்பார்கள். தட்டச்சு ரிலேயில் அது ஓரளவு சரி. வீடியோவில் முகம் தெரிகிறது. சைகை மொழி உலகம் சிறியது, அதே மொழிபெயர்ப்பாளர் நாளை மருத்துவமனையிலோ நீதிமன்றத்திலோ எதிரில் நிற்கக்கூடும்.

அளவுகோல் ஆட்களை வளைக்கும் என்பதற்கு இந்தத் துறையே சாட்சி. வீடியோ ரிலே நிறுவனங்களுக்கு நிமிடக் கணக்கில் பணம் தரப்பட்டது. விளைவாக, நிமிடங்களைப் பெருக்கப் போலி அழைப்புகள் உற்பத்தியாயின. 2009 நவம்பரில் 26 பேர் மீது அமெரிக்க அரசு குற்றம்சாட்டியது. நிமிடத்துக்குப் பணம் என்றபோது நிமிடம் பெருகியது. நட்சத்திரத்துக்கு வேலை என்றால் இனிப்பான பொய் பெருகும். இணைய ரிலேயில் திருட்டுக் கடன் அட்டை எண்களோடு கடைகளுக்கு ஆர்டர் கொடுத்த மோசடிக்காரர்களும் புகுந்தார்கள்; மறுபேச்சில்லாமல் வாசித்துக்கொடுத்த ஆபரேட்டருக்கு அவர்கள் ஐந்து நட்சத்திரமே போட்டிருப்பார்கள்.

பகிரங்கம் ஆக வேண்டியது நிறுவனத்தின் கணக்கு. புகார் வந்த தேதி, அதன் தன்மை, எப்போது எப்படித் தீர்ந்தது என்று பதிவேடு வைக்க விதி ஏற்கெனவே இருக்கிறது. ஆண்டுதோறும் அதன் சுருக்கம் ஆணையத்துக்குப் போகிறது. அதை நிறுவனவாரியாக, சாதாரண மனிதர் படிக்கும் மொழியில் வெளியிடட்டும். காது கேளாதோரையே சம்பளத்துக்கு அமர்த்தி, இரு முனையும் முன்பே எழுதிவைத்த சோதனை அழைப்புகளை நடத்தட்டும். விடுபட்ட வரி அப்போதுதான் கண்ணில் படும். தனி ஆளைப் பற்றிய குறை மேற்பார்வையாளரிடம் போகட்டும், அழைத்தவருக்குக் குறித்த நாளுக்குள் பதில் வரட்டும். ஆண் ஆபரேட்டரோ பெண் ஆபரேட்டரோ வேண்டும் என்று அழைப்பவர் கேட்டால் இயன்றவரை தர வேண்டும் என்பது இன்றைய விதி. ‘இந்த எண்ணுள்ள ஆபரேட்டர் எனக்கு வேண்டாம்’ என்று, காரணம் சொல்லாமல், வேறு யாருக்கும் தெரியாமல் குறித்துவைக்க இன்னும் ஒரு வரியை அதே விதியில் சேர்த்தால் போதும்.