வேதப்புரட்டும் மார்க்கமும்: மாற்றுக் கிறித்தவக் குழுக்களைச் சுட்டும் தமிழ்ச் சொற்கள்

1. முன்னுரை

ஒரு சமயத்தின் பெரும்பான்மைக் கொள்கையினின்று விலகி நின்றோரைக் குறிக்கும் சொற்களுள் பெரும்பாலானவை, அவர்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்டவை அல்ல. அவர்களை விலக்கியோர் இட்டவை. இடைக்காலப் பிரான்சின் தென்பகுதியில் கத்தார் எனச் சுட்டப்பட்டோர் தம்மை நல்ல கிறித்தவர் என்றே அழைத்துக்கொண்டனர். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய நண்பர் சபையாருக்குக் குவேக்கர் என்பது பிறர் சூட்டிய ஏளனப் பெயர். இத்தகைய பெயர்களை மொழிபெயர்ப்போர் பொருளை மட்டுமன்றி, அதனுள் அடங்கிய தீர்ப்பையும் பெயர்க்க நேர்கிறது. தமிழில் இச்சிக்கல் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஒரு கிரேக்கச் சொல், பல தமிழ்ச் சொற்கள்

‘ஹைரெசிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லின் அடிப்பொருள் ‘தேர்வு’ என்பதாகும். பின்னர் அது ஒருவர் தேர்ந்துகொண்ட சிந்தனைப் பள்ளியையும், அப்பள்ளியைச் சார்ந்த குழுவையும் குறித்தது. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு பரிசேயர், சதுசேயர் முதலியோரை இச்சொல்லாலேயே சுட்டுகிறார்; அங்கு இகழ்ச்சிப் பொருள் இல்லை. திருச்சபை தன் கொள்கையை வரையறுத்துக்கொண்ட காலத்தில்தான் ‘தவறான போதனை’ என்னும் பொருள் நிலைபெற்றது.

ஹென்றி பவர் தலைமையில் 19ஆம் நூற்றாண்டில் உருவான தமிழ் விவிலியத் திருப்புதல் இவ்வொரு சொல்லுக்கு ஐந்து சொற்களை ஆள்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 5:17இல் சதுசேயரைக் குறிக்குமிடத்துச் ‘சமயத்தார்’ என்றும், 26:5இல் ‘சமயபேதம்’ என்றும், 24:5, 24:14, 28:22 ஆகிய இடங்களில் ‘மதபேதம்’ என்றும் வருகிறது. 1 கொரிந்தியர் 11:19, கலாத்தியர் 5:20 ஆகியவற்றில் ‘மார்க்கபேதம்’ என்றும், 2 பேதுரு 2:1இல் ‘வேதப்புரட்டு’ என்றும் காணப்படுகிறது. தீத்து 3:10இல் இதனடியாகப் பிறந்த பெயர் ‘வேதப்புரட்டன்’ ஆகிறது.

இவ்வேறுபாட்டைக் குழப்பம் எனத் தள்ளிவிட இயலாது. ‘சமயத்தார்’ என்பது நடுநிலைச் சொல். ‘பேதம்’ என்பது வேறுபாட்டை மட்டும் சுட்டுவது. எனினும் எதனின்று வேறுபாடு என்னும் வினாவை எழுப்பிப் பெரும்பான்மையை அளவுகோலாக்குகிறது. ‘புரட்டு’ என்பதோ வஞ்சகம் என்னும் நோக்கத்தையே ஏற்றிவிடுகிறது. நடபடிகள் 24:14 குறிப்பாக நோக்கத்தக்கது. தன் எதிரிகள் ‘மதபேதம்’ என்பதைப் பவுல் ‘மார்க்கம்’ என்கிறார். பிறர் இட்ட பெயரும் தாம் ஏற்ற பெயரும் ஒரே வசனத்தில் எதிரெதிரே நிற்கின்றன. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 5:17இல் ‘கட்சி’ என்னும் சொல்லை ஆள்வது நடுநிலையை நாடும் முயற்சி எனலாம்.

கத்தோலிக்க மரபில் இதற்கு முன்பே ‘பேதகம்’, ‘பதிதர்’ ஆகிய சொற்கள் வழங்கின. வீரமாமுனிவர் (1680–1747) தரங்கம்பாடி லுத்தரன்களை மறுத்து எழுதிய நூல்களுள் ஒன்று ‘பேதகமறுத்தல்’ என்பதாகும். ‘பதிதர்’ என்பது ‘விழுந்தோர்’ எனப் பொருள்படும். அறிவால் மாறுபட்டவரை ஒழுக்கத்தால் வீழ்ந்தவராகக் காட்டும் சொல் அது.

3. தமிழகத்து மாற்றுக் குழுக்கள்

இச்சொற்கள் ஏட்டளவில் நின்றவையல்ல. திருநெல்வேலியில் பணியாற்றிய இரேனியுஸ் (1790–1838), குருப்பட்ட முறை முதலியவற்றில் இங்கிலாந்துத் திருச்சபையோடு மாறுபட்டு, 1835இல் திருச்சபை ஊழியச் சங்கத்தினின்று விலக்கப்பட்டுத் தனித்து இயங்கினார். அவர் மறைந்தபின் உடன்பணியாளர் பலர் மீண்டும் சங்கத்தில் இணைந்தனர். விவிலிய மொழிபெயர்ப்பின் நெறிகள் குறித்து 1827இல் தனிநூல் எழுதியவரும் அவரே. அவருடைய திருத்திய மொழிபெயர்ப்பைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கடுமையாக எதிர்த்து, பப்ரீசியுசின் பழைய பாடத்தையே போற்றினார். சாஸ்திரியாரின் எதிர்ப்பில் தமிழ் இசைக்கும் மரபுக்குமான பரிவோடு, திருவிருந்திலும் சாதி வேறுபாட்டைக் காக்கும் நோக்கமும் கலந்திருந்தது. எனவே மாற்றுக் கருத்தினர் அனைவரும் விடுதலை நாடியோர் எனக் கொள்வதும் பொருந்தாது.

இவற்றினும் தெளிவான சான்று அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857இல் நாசரேத்துக்கு அருகிலுள்ள முக்குப்பேரியில் (இன்றைய பிரகாசபுரம்) நிறுவிய சபையாகும். நாசரேத்து மிஷனரியோடு அவருக்கு ஏற்பட்ட பிணக்கும், கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சாணார் குறித்து எழுதிய நூல் விளைவித்த மனக்கொதிப்பும் இதன் பின்னணி. ஒப்பிலக்கணத்திற்காகப் (1856) போற்றப்படும் கால்டுவெல்லே பவர் குழுவிலும் இடம்பெற்றவர் என்பது கருதத்தக்கது. ஐரோப்பியக் குருமாரையும் ஞாயிறு ஓய்வையும் துறந்த இச்சபையார், பழைய ஏற்பாட்டைப் பின்பற்றிச் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டனர். தூபமிடுதல், தரையிலமர்ந்து வழிபடுதல் முதலியவற்றைக் கைக்கொண்டனர். புளித்த திராட்சரசத்தை விலக்கினர். தம் பார்வையில் அவர்கள் வேதத்தைப் புரட்டியவர் அல்லர், வேதத்திற்கு மீண்டவர்.

இச்சபையின் பெயரில் ‘ஏக இரட்சகர்’ என்பதோடு ‘இந்து’ என்னும் அடையும் இடம்பெற்றது. இன்றைய வாசகர் இதனைச் சமயக் கலப்பின் அடையாளமாகக் கொள்ளக்கூடும். அக்கால வழக்கிலோ அச்சொல் ‘இந்நாட்டார்’ என்னும் பொருளையும் தந்தது. ஐரோப்பியச் சார்பற்றது என்பதே இங்குக் கருத்து. பெயரை அப்படியே தந்து, பொருளை அடிக்குறிப்பில் விளக்காத மொழிபெயர்ப்பு வரலாற்றைத் திரித்துவிடும்.

4. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, மூலம் இகழ்ச்சிச் சொல்லை ஆளுமிடத்து அவ்விகழ்ச்சியை மறைக்காது பெயர்த்தல் வேண்டும். ஆனால் அது யாருடைய கூற்று என்பது புலப்பட வேண்டும். இரண்டாவது, ஆசிரியர் தம் கூற்றாக எழுதுமிடத்து ‘மாற்றுக் குழு’, ‘பிரிந்த சபை’ போன்ற தீர்ப்பற்ற சொற்களை ஆளலாம். மூன்றாவது, குழுவினர் தமக்கிட்ட பெயர் கிடைக்குமாயின் அதனையே முதலில் தருதல் வேண்டும்.

இவை தமிழுக்குப் புதியன அல்ல. சைவ சித்தாந்தம் பிற சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் எனத் தொலைவின் அளவால் வகுத்தது. சிவஞான சித்தியார் எதிர்க்கொள்கைகளைப் பரபக்கத்தில் எடுத்துரைத்து மறுத்த பின்னரே சுபக்கத்தில் தன் கொள்கையை நிறுவுகிறது. மறுக்கும் முன் மாற்றார் கூற்றை முறையாக எடுத்துரைக்கும் அம்மரபு, சமய நூல்களை மொழிபெயர்ப்போர்க்கும் ஏற்புடைய வழிகாட்டியாகும்.